ராசன்ட் ரேஸரும் மாமாவின் மோட்டார் கடையும்: வேகத்தைக் குறைச்சா விசை ஏன் போகுது?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த சில தயக்கங்களையும் திரும்பச் சொன்ன இடங்களையும் நீக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்குது. காலேஜ் ரெண்டாம் வருஷம். டெக் ஃபெஸ்ட்ல கோடு பார்த்து ஓடுற ரோபோ போட்டி. எங்க ரோபோ ரொம்ப வேகமா ஓடிச்சு, வளைவுல கோட்டை விட்டு வெளிய போயிட்டே இருந்துச்சு. சரி, மெதுவா ஓட வைக்கலாம்னு மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவுல ஒரு வேரியபிள் ரெசிஸ்டரைப் போட்டேன். மேஜை மேல தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா சக்கரம் அழகா மெதுவா சுத்துது. தரையில விட்டா நகரலை. கொஞ்சம் திருகினா திடீர்னு பாய்ஞ்சு போகுது. நடுவுல இருந்த சின்ன மேடு ஏறும்போது அங்கேயே நின்னுருச்சு. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், நாங்க ரோபோவைத் தூக்கிட்டு வந்தோம்.

அன்னைக்குச் சாயங்காலம் கணபதியில இருக்கிற என் மாமா கடைக்குப் போனேன். மாமா மோட்டார் காயில் கட்டுறவர். கிணத்து மோட்டார், கிரைண்டர் மோட்டார், மில்லுல இருந்து வர்ற மோட்டார் எல்லாம் அவர்கிட்ட வரும். நடந்ததைச் சொன்னேன். சிரிச்சுட்டு, "மாப்ள, ரெசிஸ்டர் போட்டா ஸ்பீடு மட்டும் குறையறதில்லீங்க, கரண்ட் குடுக்கற கையே சுருங்கிப் போயிருது"ன்னார். அந்த ஒரு வரியோட முழு அர்த்தம் புரிய எனக்குச் சில வருஷம் ஆச்சு. அதைத் தேடிப் போனப்பதான் ஒரு பெரிய கேள்வி வந்து நின்னுச்சு. இந்தியாவுல மோட்டார்னு சொன்னாலே கோயம்புத்தூர்னு சொல்ற அளவுக்கு வந்த ஊர் இது. ஆனா என் ரோபோவுல இருந்த அந்தக் கட்டைவிரல் சைஸ் டிசி மோட்டார் ஏன் நம்ம ஊர்ல இருந்து வரலை?

முதல்ல அந்தக் கையைப் பத்திப் பேசிடலாம். கணக்குப் பிடிக்காதவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடலாம், ஆனா நின்னு கேட்டா நல்லா இருக்கும்.

டிசி மோட்டார் சுத்தும்போது அதுவே ஒரு டைனமோ மாதிரி எதிர் வோல்டேஜை உண்டாக்கும். எவ்வளவு வேகமோ அவ்வளவு எதிர் வோல்டேஜ். முறுக்குவிசை, அதாவது டார்க், எதைப் பொறுத்தது? ஓடுற கரண்டைப் பொறுத்தது. வேகத்துக்கு வோல்டேஜ், விசைக்கு கரண்ட், இவ்வளவுதான் அடிப்படை. இப்ப ஒரு 12 வோல்ட் மோட்டாரை எடுத்துக்கலாம். காயில் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம். 1,000 சுத்துக்கு 2 வோல்ட் எதிர் வோல்டேஜ் வரும்னு வெச்சுக்கங்க. சும்மா ஓட 0.2 ஆம்பியர் எடுக்கும். நேரா 12 வோல்ட் குடுத்தா நிமிஷத்துக்கு 5,800 சுத்து ஓடும். எனக்கு 2,000 சுத்து போதும். ரெசிஸ்டர் வழியில போனா 38 ஓம் போடணும். சும்மா சுத்தும்போது சரியா 2,000 வரும், மேஜை மேல அழகா இருக்கும். ஆனா மேடு வந்ததும் மோட்டார் 1 ஆம்பியர் கேக்குது. மொத்த ரெசிஸ்டன்ஸ் 40 ஓம், அதுல 12 வோல்ட்டால அதிகபட்சம் தள்ள முடியுறது 0.3 ஆம்பியர். மோட்டார் கேக்குது, குடுக்க ஆள் இல்லை. நின்னுடும். என் ரோபோ செத்தது இந்த இடத்துலதான்.

இதே 2,000 சுத்தை, ரெசிஸ்டர் இல்லாம 4.4 வோல்ட் குடுத்து வாங்கினா என்ன ஆகும்? 1 ஆம்பியர் சுமை வந்தா வேகம் 1,200க்கு இறங்கும், ஆனா ஓடும். முழுசா பிடிச்சு நிறுத்தினாக்கூட 2.2 ஆம்பியர் வரைக்கும் இழுத்துப் பார்க்கும். அடுத்து, சுமை வந்ததைக் கவனிச்சு யாராவது வோல்டேஜை 6க்கு ஏத்திட்டா? வேகம் திரும்ப 2,000. வேகத்தைக் குறைச்சும் விசையை விடாம இருக்கிற ரகசியம் அந்த 'யாராவது'லதான் இருக்கு. யார் அந்த யாராவது, அதுதான் இந்த நூறு வருஷ வரலாறு.

யூடியூப்ல நிறைய பேர் "பிடபிள்யூஎம் போட்டா ஃபுல் டார்க் கிடைக்கும்"னு சொல்றாங்க. பாதி உண்மை. பிடபிள்யூஎம்னா ஸ்விட்சை வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை போட்டு அணைக்கிறது. நூத்துக்கு 37 பங்கு நேரம் போட்டு வெச்சா 12 வோல்ட், மோட்டாருக்கு 4.4 மாதிரி தெரியும். நடுவுல ரெசிஸ்டர் இல்லாததால கரண்டுக்குத் தடை இல்லை. அது பெரிய லாபம். ஆனா சுமை வந்ததும் 37ஐ 50 ஆக்குறது பிடபிள்யூஎம் இல்லை, வேகத்தை அளந்து பார்க்கிற ஃபீட்பேக். ரெண்டும் சேர்ந்தாதான் கதை முடியும். அப்புறம் இன்னொண்ணு, விசைக்குக் கரண்ட் வேணும், கரண்ட்னா சூடு. மெதுவா ஓடும்போது மோட்டாரோட சொந்த ஃபேனும் மெதுவா சுத்தும். காயில் கருகி வந்து மாமா கடையில நிக்கும்.

கணக்கு முடிஞ்சுது. வாங்க வரலாற்றுக்கு.

இந்தப் பிரச்சினை மோட்டார் பிறந்த காலத்துலயே வந்துடுச்சு. 1891ல அமெரிக்காவுல ஹாரி வார்ட் லியனார்டுங்கறவர் ஒரு வழி கண்டுபிடிச்சார். ஒரு மோட்டார் ஒரு ஜெனரேட்டரைச் சுத்தும், அந்த ஜெனரேட்டர் குடுக்கிற டிசியில நம்ம மோட்டார் ஓடும். ஜெனரேட்டரோட காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைச்சா வோல்டேஜ் கூடும், குறையும். ஒரு மோட்டாரை அடக்க மூணு மெஷின்! கேக்க வீண்செலவு மாதிரி இருக்கும், ஆனா லிஃப்ட்டுக்கும் சுரங்க வின்ச்சுக்கும் பல பத்து வருஷம் இதுதான் ஓடுச்சு. ஏன்னா ஆளோட தொங்குற லிஃப்ட் மெதுவா போகணும், ஆனா கை விடக்கூடாது.

நம்ம மாநிலத்துலயே பெரிய டிசி மோட்டார் ஓடினது சென்னையில. 1895ல மெட்ராஸ்ல எலக்ட்ரிக் ட்ராம் வந்துச்சு, 1953 வரைக்கும் ஓடுச்சு. 1931ல பீச் ஸ்டேஷன்ல இருந்து தாம்பரம் வரைக்கும் 1,500 வோல்ட் டிசியில மின்சார ரயில். அந்தக் காலத்து ட்ராம்லயும் மின்சார ரயில்லயும் உலகம் முழுக்க ஒரு தந்திரம் பழக்கத்துல இருந்துச்சு. கிளம்பும்போது ரெண்டு மோட்டாரைத் தொடரா இணைப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் பாதி வோல்டேஜ், ஆனா ரெண்டுலயும் ஒரே கரண்ட் முழுசா ஓடும். பாதி வேகம், முழு விசை. வேகம் பிடிச்சதும் பக்க இணைப்புக்கு மாத்துவாங்க. எலக்ட்ரானிக்ஸ் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, ட்ரைவர் கையில ஒரு கைப்பிடி மட்டும். கிளம்புற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ரெசிஸ்டரும் உண்டு, சூடாகும், ஆனா அதையே நம்பி ஓட்டலை. என் ரோபோவுலயும் ரெண்டு மோட்டார் இருந்துச்சே, எனக்கு இது தோணலையே!

கோயம்புத்தூர் கதை வேற மாதிரி போச்சு. அதுக்குக் காரணம் கிணறு.

எங்க அப்பாரு சின்ன வயசுல கவலை இறைச்சவர். பெரிய தோல் பையைக் கிணத்துக்குள்ள விட்டு, ரெண்டு மாட்டைக் கட்டி இழுக்கிறது. இதுல ஒரு அழகு கவனிச்சிருக்கீங்களா? மாடு தண்ணியோட இழுக்கும்போது சரிவுல கீழ நோக்கி நடக்கும். அதோட சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும். காலிப் பை இறங்கும்போது பின்னாடியே மேல ஏறி வரும். சுமை வர்ற நேரத்துல விசை கூடுற மாதிரி மண்ணையே வெட்டி வெச்சிருக்காங்க! இதை நான் அப்பாருகிட்ட சொன்னப்ப, "அதெல்லாம் தெரியாது கண்ணு, மாட்டுக்கு நோவக்கூடாது, அவ்வளவுதான்"னார்.

1930களோட ஆரம்பத்துல நீலகிரி பைக்காராவுல இருந்து மின்சாரம் கீழ இறங்குச்சு. மில்லுக்கு வந்துச்சு, அப்புறம் மெல்ல கிணத்து மேட்டுக்கும் வந்துச்சு. வந்தது ஏசி. ஏசியில ஓடுற இன்டக்ஷன் மோட்டார் முரடன். பிரஷ் கிடையாது, தீப்பொறி கிடையாது, மண்ணுல கிடந்தாலும் ஓடும். ஆனா ஒரே வேகம்தான், 1,440ன்னா 1,440. பம்புக்கு அது போதும். சொல்லப்போனா பம்புக்கு மெதுவா ஓடும்போது விசையே தேவையில்லை. வேகம் பாதியானா பம்பு கேக்குற டார்க் நாலுல ஒண்ணாயிடும். நம்ம ஊர் மோட்டார் தொழில் வளர்ந்தது இந்த மாதிரி, வேகக் கட்டுப்பாடே கேக்காத ஒரு வாடிக்கையாளரை நம்பி.

1937ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து பீளமேட்டுல மோட்டார் செஞ்சாங்க. இந்தியாவுலயே செஞ்ச முதல் மின் மோட்டார்னு அதைத்தான் சொல்றாங்க. அந்த வெற்றியில இருந்துதான் பாலசுந்தரம் பின்னாடி டெக்ஸ்டூலை ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் பவுண்டரி, பம்பு, மோட்டார்னு தெருத்தெருவா பரவினது உங்களுக்கே தெரியும்.

ஜி.டி. நாயுடுவைப் பத்தி நம்ம ஊர்ல ஆளுக்கு ஒரு கதை சொல்வாங்க, நான் அதுக்குள்ள போகலை. அவினாசி ரோடு மேம்பாலத்துக்கே இப்ப அவர் பேர்தான். 1893ல கலங்கல்ல பிறந்தவர். 1920ல ஒரே ஒரு பஸ்ஸை வெச்சு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பிச்சவர். 1945ல ஆர்தர் ஹோப் பேர்ல ஆரம்பிச்ச இன்ஜினியரிங் காலேஜ், இன்னைக்கு ஜிசிடியா இருக்கே, அதுக்குப் பின்னாடி இருந்தவரும் இவர்தான். நாலு வருஷ இன்ஜினியரிங் படிப்பு நேர விரயம்னு சொன்னவர். நாலு வருஷம் படிச்சும் ரெசிஸ்டர் போட்ட நான் இதுல எந்தக் கருத்தும் சொல்றதா இல்லை.

எனக்கு இந்த எபிசோட்ல முக்கியமானது அவரோட ராசன்ட் ரேஸர். உலர் பேட்டரியில ஓடுற சின்ன மோட்டார் வெச்ச சவர ரேஸர். அதாவது கையில அடங்குற ஒரு டிசி மோட்டார் சாதனம், 1930கள்ல, கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் கையில இருந்து!

பேட்டரி ரேஸர்ங்கறது எவ்வளவு கஷ்டமான விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. கன்னத்துல இருந்து தாடைக்கு வரும்போது முடி கெட்டியாகும், சுமை சட்டுனு ஏறும். அந்த நேரத்துல வேகம் விழுந்தா முடி வெட்டாது, பிடிச்சு இழுக்கும். கண்ணுல தண்ணி வந்துடும். குடுக்கிறது யாரு? உலர் செல். செல்லுக்கு உள்ளேயே ரெசிஸ்டன்ஸ் இருக்கு. புதுசுல கம்மி, தீரத் தீர ஏறும். நான் ரோபோவுல வெளிய வாங்கிப் போட்ட வில்லனை, செல் தன் வயித்துலயே வெச்சிருக்கு. பழைய செல் போட்டா காத்துல 'உய்ய்'னு சுத்தும், முகத்துல வெச்சதும் நிக்கும். எங்க வீட்டு ட்ரிம்மர் சார்ஜ் தீரும்போது இன்னைக்கும் இதேதான் பண்ணுது.

டேப் ரிக்கார்டர் ஞாபகம் இருக்கா? செல் தீரும்போது பாட்டு 'ஆஆஆ'ன்னு இழுக்கும். ஆனா தீருற கடைசி வரைக்கும் ஒரே சுருதியில பாடுச்சே, அது எப்படி? மாமா ஒரு தடவை பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரைப் பிரிச்சுக் காட்டினார். உள்ள தண்டோட சேர்ந்து சுத்துற ஒரு குட்டி ஸ்விட்ச். வேகம் கூடினா விலகி கரண்டை வெட்டும், வேகம் குறைஞ்சா ஒட்டிக்கும். வினாடிக்கு எத்தனையோ தடவை ஒட்டி விலகி ஒட்டி விலகி. முழு வோல்டேஜ் கொடு, எடு, வேகத்தைப் பார்த்துக் கொடு. பிடபிள்யூஎம்மும் ஃபீட்பேக்கும் ஒரே தகட்டுல! நான் அதைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

அந்தச் சின்ன மோட்டார் தொழில் போய் உக்காந்த இடம் ஜப்பானும் ஹாங்காங்கும். கெனிச்சி மபுச்சிங்கறவர் 1947ல லாட வடிவக் காந்தம் வெச்ச ஒரு சின்ன மோட்டாரை உருவாக்கினார், 1954ல கம்பெனி ஆரம்பிச்சார். ஹாங்காங்ல 1959ல ஜான்சன் எலக்ட்ரிக். ரெண்டு பேருக்கும் முதல் வாடிக்கையாளர் பொம்மை. பொம்மைக் கார், பொம்மைப் படகு. லட்சக்கணக்குல விக்கிற பொம்மையில இருந்துதான் கார் கண்ணாடி ஏத்துற மோட்டாருக்கும் பிரிண்டருக்கும் போனாங்க. நம்ம கிட்ட ராசன்ட் இருந்துச்சு, பொம்மைச் சந்தை இல்லை. எதிர்ல கிணறு இருந்துச்சு, அஞ்சு எச்பி மோட்டாருக்கு விவசாயி காசோட நின்னார். தொழில்காரங்க கிணத்துப் பக்கம் போனாங்க. இதை நான் தவறுன்னு சொல்ல மாட்டேன். எங்க குடும்பம் சாப்பிட்டதே அந்தத் தண்ணியிலதான்.

மெதுவா ஓடணும், விசை வேணும்ங்கற கேள்வி கோயம்புத்தூருக்குள்ள நிஜமா வந்தது சமையல்கட்டு வழியா. 1955ல பி. சபாபதி மோட்டார் வெச்ச வெட் கிரைண்டரைக் கொண்டு வந்தார். மாவு ஆட்டுறது பம்புக்கு நேர் எதிர். மெதுவா சுத்தினாலும் கல்லுக்கு அதே விசை வேணும், மாவு கெட்டியாக ஆக இன்னும் வேணும். வேகமா ஓட்டவும் முடியாது, மாவு சூடாயிடும். கையில இருந்தது 1,440ல மட்டும் ஓடுற இன்டக்ஷன் மோட்டார். என்ன பண்ணாங்க? சின்ன புல்லி, பெரிய புல்லி, நடுவுல பெல்ட். வேகம் பத்துல ஒரு பங்கா இறங்கினா, உராய்வுல போறது போக விசை கிட்டத்தட்ட பத்து மடங்கா ஏறும். ரெசிஸ்டர் மாதிரி எரிச்சு வீணாக்கலை, வேகத்தை விசையா மாத்திக்கிட்டாங்க. ஊத்துக்குளிப் பக்கத்துக் கல்லும் பீளமேட்டு மோட்டாரும் சேர்ந்து, பின்னாடி கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே கிடைச்சுது. சத்தியமா சொல்றேன், என் ரோபோவுக்கும் இதுதான் முதல் மருந்து. கியர் பாக்ஸ் வெச்ச மோட்டாரை அன்னைக்கே வாங்கிப் போட்டிருந்தா மேடு ஏறியிருக்கும்.

பெல்ட்டோட குறை என்னன்னா ஒரே விகிதம்தான். ஓடும்போதே மாத்தணும்னா எலக்ட்ரானிக்ஸ் வேணும். 1957ல ஜெனரல் எலக்ட்ரிக் தைரிஸ்டரைக் கொண்டு வந்ததும் வார்ட் லியனார்டோட மூணு மெஷின் வேலையை ஒரு அலமாரி சைஸ் பெட்டி பார்க்க ஆரம்பிச்சுது. இன்னைக்கு அது விரல் நகம் சைஸ் மாஸ்ஃபெட். பிரஷ்ஷையும் எடுத்துட்டு, காந்தத்தைச் சுத்துற பக்கம் வெச்சு, காயிலை நிக்கிற பக்கம் வெச்சு, எந்தக் காயிலுக்கு எப்ப கரண்ட்னு சிப்பு முடிவு பண்ணா அதுதான் பிஎல்டிசி. ஆம்பியர் நிறுவனம் 2008ல கோயம்புத்தூர்ல எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பண்ண ஆரம்பிச்சப்ப, ராசன்ட்டுக்கு அப்புறம் டிசி பேட்டரியும் மோட்டாரும் ஊருக்குத் திரும்பி வந்த மாதிரி எனக்குத் தோணுச்சு. இது என் ஆசை கலந்த பார்வைதான், ஒத்துக்கறேன்.

ஆனா மாமா கடைக்கு அது வந்த விதம் வேற. 2023ல சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் முத்திரை கட்டாயமாச்சு. 70, 75 வாட் எடுத்த ஃபேன் இடத்துல முப்பது வாட் சொச்சம் எடுக்கிற பிஎல்டிசி ஃபேன் வீடு வீடா வந்துச்சு. நல்ல விஷயம். நம்ம பழைய வீட்டுச் சுவத்துல கையை வெச்சா சுடுமே ஒரு ரெகுலேட்டர் பெட்டி, அதுவும் ரெசிஸ்டர்தான், அந்த வீண் போச்சு. ஆனா பழைய ஃபேன் கருகினா மாமா காயில் கட்டித் தந்துடுவார். புது ஃபேன்ல காயில் நல்லாவே இருக்கும், போறது போர்டு. மாமா கணக்குல, கடைக்கு வர்ற சின்ன வேலையில பாதி இப்ப 'போர்டு போச்சுங்க'ன்னு வருது. அதுக்கு அவர் கையில மருந்து இல்லை. "முப்பது வருஷமா கம்பிச் சுத்து எண்ணியே பழகிட்டேன் மாப்ள, இதுல எண்றதுக்கு ஒண்ணுமில்லீங்களே"ன்னார். கடையை விட்டுட்டு ஒரு பம்பு கம்பெனியில வேலைக்குச் சேரலாமான்னு அத்தைகிட்டப் பேசிட்டிருக்கார்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என் ஆஸிலோஸ்கோப்பை எடுத்துட்டுப் போனேன். அலமாரியில செத்த போர்டு அஞ்சு இருந்துச்சு. ரெண்டுல மேல பிசின் ஊத்தி மூடியிருந்தாங்க, பிரிக்கவே முடியலை. ஒண்ணு சிப்பே போச்சு. மீதி ரெண்டுல மாஸ்ஃபெட்தான் ஷார்ட். மாத்தினோம். ஸ்கோப்புல கட்டம் கட்டமா அலை வந்தப்ப மாமா கிட்ட வந்து, ஃபேனைக் கையால அழுத்திப் பிடிச்சார். கட்டம் அகலமாச்சு. கையை விட்டார், கட்டம் சுருங்குச்சு. திரும்பப் பிடிச்சார். "இது நம்ம டேப் ரிக்கார்டர் ஸ்விட்ச்சு தானுங்க மாப்ள"ன்னார்.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கார். சால்டரிங் அயர்ன் நல்லதா ஒண்ணு எவ்வளவு ஆகும்னு கேட்டார்.